பள்ளி நூலகத்தில் வாழ்க்கை வரலாற்று நூல்களைக் குறைப்பது எப்படி?

பாளையங்கோட்டையை அடுத்த ஓர் அரசு உதவிபெறும் மேல்நிலைப் பள்ளியில் தமிழாசிரியையாக இருந்துகொண்டு நூலகப் பொறுப்பையும் கூடுதலாகப் பார்த்துவரும் நீங்கள் கேட்டிருப்பது இது: நூலக அறையில் பாதி வகுப்பறைக்காகத் தடுக்கப்படுகிறது, வாழ்க்கை வரலாற்று நூல்கள் மட்டும் நான்கு பீரோக்களில் இருக்கின்றன, அவற்றை இரண்டுக்குள் அடக்கச் சொல்லிவிட்டார்கள். எத்தனை ஆண்டுக்கு முந்தையவற்றை நீக்கலாம், யாருடைய வரலாறு பள்ளிக்குத் தேவையில்லை, நன்கொடையாக வந்தவற்றில் கை வைக்கலாமா என்பவை உங்கள் மூன்று கேள்விகள். இதே மாவட்டத்தில் பள்ளி நூலகராக வேலை பார்த்து ஓய்வுபெற்றவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

இரண்டாவது கேள்வியிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் அதுதான் மற்ற இரண்டையும் குழப்பிவிடுகிறது. 'யாருடைய வரலாறு வேண்டாம்' என்று கேட்டுக்கொண்டு பீரோவைத் திறந்தால், அரைமணி நேரத்தில் நீங்கள் நீதிபதியாகிவிடுவீர்கள். ஆசிரியர் அறையில் ஆளுக்கொரு தீர்ப்பும் சொல்லத் தொடங்குவார்கள். உங்கள் கையில் இருப்பது ஒரு மனிதரைப் பற்றி யாரோ ஒருவர் எழுதிய ஒரு பதிப்பு மட்டுமே. ஆகவே ஒவ்வொரு நூலையும் எடுத்துக்கொண்டு இப்படிக் கேளுங்கள்: இது போய்விட்டால், அடுத்த வாரம் ஏழாம் வகுப்புப் பிள்ளை ஒன்று வந்து இந்த மனிதரைப் பற்றிக் கேட்கும்போது, கொடுப்பதற்கு இதைவிட நல்லது ஒன்று இந்த அறையில் இருக்கிறதா? இருந்தால் நீக்கலாம். இல்லையென்றால், வேறொன்று வாங்கும்வரை, அட்டை கிழிந்திருந்தாலும் அது இருக்கட்டும். நீக்குவது நூலைத்தான், அந்த மனிதர் நூலகத்தில் இருந்தாக வேண்டும்.

ஆண்டுக் கணக்கு இந்தப் பிரிவுக்குப் பொருந்தாது என்பதற்கும் இதுவே காரணம். இருபது ஆண்டுகளுக்கு முன் வந்த கணினிப் பாடநூலை யோசிக்காமல் எடுத்துவிடலாம். 1936இல் மறைந்த வ.உ.சி.யின் வாழ்க்கை இனி மாறப்போவதில்லை. ஆனால் அதைச் சொன்ன விதம் பழையதாகலாம், பிழையானதாகலாம், பிள்ளைகளுக்குப் புரியாத நடையில் இருக்கலாம். 1960களில் அச்சான ஒரு நூல் நேற்று வந்ததைவிட நேர்மையாக இருப்பதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். பக்கத்துக்கொரு வண்ணப்படத்தோடு வருகிற இன்றைய மலிவுப் பதிப்புகளில் பல, ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதப்பட்டவை.

நூலகவியலின் தந்தை என்று நாம் போற்றும் சீர்காழிக்காரர் எஸ்.ஆர்.ரங்கநாதன் 1931இல் வெளியிட்ட ஐந்து விதிகளைப் பொறுப்பேற்றபோது உங்களுக்கும் யாராவது சொல்லியிருப்பார்கள். அவற்றுள் மூன்றாவது விதி, ஒவ்வொரு நூலுக்கும் ஒரு வாசகர் உண்டு என்கிறது; நான்காவது, வாசகரின் நேரத்தைச் சேமிக்கச் சொல்கிறது. நீக்க வேலையில் இவ்விரண்டும் ஒன்றோடொன்று மோதும். எல்லா நூலுக்கும் ஒரு வாசகர் வருவார் என்று காத்திருந்தால், நேருவைப் பற்றிய பதினோரு ஒரேமாதிரிப் பிரதிகளுக்கு நடுவே நல்ல நூல் ஒன்றைத் தேடும் பிள்ளையின் மதிய இடைவேளை போய்விடும். நான் நான்காவது விதியின் பக்கம் சாய்கிறவன். ஆனால் ஒரே பிரதி என்று வரும்போது மூன்றாவதன் பக்கம் போய்விடுவேன்.

முதலில் எளிதானவற்றை முடித்துவிடுங்கள். இராமபாணப் பூச்சி துளைத்தவை, கரையான் ஏறியவை, பக்கம் விடுபட்டவை, பரிசளிப்பு விழாக்களில் மிச்சமாகிச் சேர்ந்த ஒரேமாதிரிப் பிரதிகளில் இரண்டுக்கு மேற்பட்டவை ஆகியவற்றுக்கு நீண்ட ஆலோசனை தேவையில்லை. அதோடு இன்னொரு வழியும் இருக்கிறது. நூல்களைப் பொருள்வாரியாக எண்ணிட்டு அடுக்கும் தசமப் பகுப்பு முறையில் தனிமனிதர் வரலாற்றை, வாழ்க்கை வரலாற்றுக்கான 920களில்தான் வைக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. அவரவர் துறையோடும் வைக்கலாம். இராமானுஜனைக் கணித நூல்களோடும், சர் சி.வி.இராமனை இயற்பியலோடும், இசைக் கலைஞர்களை இசையோடும் சேர்த்துவிட்டால், ஒரு நூலைக்கூட நீக்காமலே உங்கள் நான்காவது பீரோ பெருமளவு காலியாகிவிடும். கணக்குக்குப் பயந்து கணித அலமாரிப் பக்கமே போகாத பிள்ளை, அங்கே முப்பத்திரண்டு வயதில் இறந்துபோன ஒரு கும்பகோணத்து இளைஞரின் கதை இருப்பதைப் பார்த்து நின்றுவிடவும் கூடும்.

அடுத்து, வழங்கல் பதிவேட்டைப் பார்த்து 'ஐந்து ஆண்டுகளாக யாரும் எடுக்காதவை' என்று ஒரு பட்டியல் போடச் சொல்வார்கள். போடுங்கள், ஆனால் அதை அப்படியே நம்பிவிடாதீர்கள். நம் பள்ளிகளில் பெரும்பாலான பீரோக்கள் பூட்டித்தான் இருக்கின்றன, சாவி பொறுப்பாசிரியரிடம் இருக்கிறது, அவருக்கோ வாரம் இருபத்தெட்டுப் பாடவேளை. பூட்டிய பீரோவில் இருந்த நூலைப் பார்த்து 'உன்னை யாரும் தேடவில்லை' என்று சொல்வது நியாயமில்லை. சந்தேகமான நூல்களை ஒரு பருவம் முழுவதும் திறந்த ரேக்கில், பிள்ளைகள் கை எட்டும் உயரத்தில் வைத்துப் பாருங்கள். அதற்குப் பிறகும் கை படாதவற்றைப் பற்றி முடிவெடுக்கலாம்.

எண்ணிக்கை சொல்லாததைத் தேதிச் சீட்டு சொல்லும். நான் வேலை பார்த்த பள்ளியில் காமராசரைப் பற்றிய ஒரு நூல் இருந்தது. காலிகோ பைண்டிங், முதுகில் வெள்ளை மையால் எழுதிய எண் பாதி அழிந்திருந்தது. மொத்த வழங்கலைப் பார்த்தால் ஆண்டுக்கு மூன்று முறைகூட இராது. பின்னட்டையின் உட்புறம் ஒட்டியிருந்த சீட்டில் ஊதா மை முத்திரைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தபோதுதான் புரிந்தது: அத்தனையும் ஜூலை முதல் இரண்டு வாரங்கள். ஜூலை 15 அவர் பிறந்தநாள், கல்வி வளர்ச்சி நாள், பேச்சுப்போட்டி. மேடையேறப் பயந்த எத்தனையோ பிள்ளைகள் அந்த நூலைக் கையில் வைத்துக்கொண்டு வேப்பமரத்தடியில் மனப்பாடம் செய்திருக்கிறார்கள். நாற்பத்தைந்தாம் பக்கத்தில் மட்டும் விரல் அழுக்கு ஏறி ஓரம் கறுத்திருந்தது. மதிய உணவுத் திட்டம் பற்றிய பக்கம் அது. பதினொரு மாதம் சும்மா இருந்தாலும் அப்படிப்பட்ட நூலை எடுக்கக் கூடாது. செப்டம்பரில் வ.உ.சி.யும் பாரதியும், நவம்பரில் நேருவும் இதே கணக்குத்தான்.

இனி உள்ளடக்கம். இருநூறு நூல்களையும் படித்துப் பார்க்க உங்களுக்கு நேரம் இருக்காது, படிக்கவும் வேண்டாம். ஒவ்வொரு பெரியவருக்கும், பரவலாகத் தப்பாகச் சொல்லப்படுகிற ஒரு செய்தியைத் தெரிந்துகொண்டு அந்த இடத்தை மட்டும் திறந்து பாருங்கள். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம். வ.உ.சி. என்றால் சிறைக்காலம்: 1908இல் அவருக்கு விதிக்கப்பட்ட இரண்டு ஆயுள் தண்டனைகளும் சேர்ந்து நாற்பது ஆண்டு, மேல்முறையீட்டில் குறைக்கப்பட்டு 1912 இறுதியில் விடுதலையானார். 'நாற்பது ஆண்டு செக்கிழுத்தார்' என்று எழுதியிருக்கும் நூலை எழுதியவர் வேறெதையும் சரிபார்த்திருக்க மாட்டார். விடுதலைக்குப் பின் மறையும்வரை அவர் பட்ட வறுமையைப் பற்றி ஒரு வரியும் இல்லாமல், கப்பல் விட்டதோடு முடித்துவிடுகிற நூலும் எனக்குக் குறையுள்ள நூல்தான். பாரதி என்றால் யானை: திருவல்லிக்கேணிக் கோவில் யானை தள்ளியதில் அடிபட்டு அவர் இறந்துவிட்டார் என்று பிள்ளைகள் நூல்களில் இன்றும் இருக்கிறது. அதிலிருந்து அவர் பிழைத்து எழுந்தார். ஈரோடு கருங்கல்பாளையம் வாசகசாலைக்குப் போய் உரையாற்றவும் செய்தார். 1921 செப்டம்பரில் அவரைக் கொண்டுபோனது வயிற்று நோய். ஒரு வாசகசாலையில் பேசிவிட்டு வந்த கவிஞரை அதற்கு முன்பே இறக்கவிட்டுவிடுகிற நூல், நம் நூலகத்தில் இருக்கக் கூடாது என்பது என் கருத்து.

கட்டபொம்மன் விஷயம் சற்று வேறு. 1799 அக்டோபர் 16இல் கயத்தாற்றில் அவர் தூக்கிலிடப்பட்டது வரலாறு. ஆனால் அவரைப் பற்றிப் பிள்ளைகளுக்கென்று எழுதப்பட்ட நூல்கள் பலவற்றில், 1959இல் வந்த திரைப்பட வசனங்கள் அவரே பேசியவையாக மேற்கோள் குறிக்குள் கிடக்கின்றன. இவற்றை நான் நீக்கச் சொல்ல மாட்டேன். எழுத்துக்கூட்டிப் படிக்கிற பையன்கூட அந்த நூலை உரக்கப் படிப்பான். அந்த ஆர்வத்தை நாம் பறிக்கக் கூடாது. கதை நூல் வரிசைக்கு மாற்றிவிடுங்கள். வரலாற்றுப் பிரிவில் பாஞ்சாலங்குறிச்சியைப் பற்றிச் சான்றுகளோடு எழுதிய ஒரு நூலாவது இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

ஊர்ப் பெயர், மாவட்டப் பெயர் மாறியதை வைத்து நூலை நீக்காதீர்கள். ஒட்டப்பிடாரமும் எட்டயபுரமும் திருநெல்வேலி மாவட்டத்தில் இருப்பதாக ஒரு நூல் சொன்னால், அது 1986 அக்டோபருக்கு முன் எழுதப்பட்டது என்று பொருள். சிதம்பரனார் மாவட்டம் (இன்றைய தூத்துக்குடி மாவட்டம்) என்று இருந்தால் அதற்குப் பின் எழுதப்பட்டது. பூலித்தேவனின் நெற்கட்டும்செவல் 2019 நவம்பரிலிருந்து தென்காசி மாவட்டம். முதல் பக்கத்தில் ஒரு துண்டுச் சீட்டு ஒட்டினால் போதும். பிள்ளைகளுக்கு அதுவே ஒரு பாடமாகவும் அமையும்.

உயிரோடு இருந்தபோது எழுதப்பட்டவை தனிக்கவனம் கேட்பவை. அப்துல் கலாம் பற்றிய நூல் ஒன்றைத் திருப்பிக் கொடுக்க வந்த ஆறாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி, 'சார், இவர் இப்போது எங்கே இருக்கிறார்?' என்று என்னைக் கேட்டாள். அவர் 2015 ஜூலை 27இல் ஷில்லாங்கில் மாணவர்களிடையே பேசிக்கொண்டிருக்கும்போது மறைந்தவர்; அவள் படித்த நூல் அவரைக் குடியரசுத் தலைவர் மாளிகையிலேயே விட்டுவிட்டு முடிந்திருந்தது. அன்னை தெரசா 2016இல் புனிதராக அறிவிக்கப்பட்டார். அதற்கு முந்தைய நூல்களில் அது இருக்காது. இத்தகையவற்றில் நல்ல நூலுக்குச் சீட்டு ஒட்டுவதும், சாதாரண நூலுக்குப் பதில் புதியது வாங்குவதும் முறை. சீட்டு ஒட்டியும் சரிசெய்ய முடியாதவை உண்டு. லான்ஸ் ஆம்ஸ்ட்ராங் 1999 முதல் 2005 வரை தொடர்ந்து ஏழு முறை பிரான்ஸ் சைக்கிள் போட்டியை வென்றதாகப் புகழும் நூலின் அடிப்படையே, ஊக்கமருந்துக் குற்றத்துக்காக 2012இல் அந்தப் பட்டங்கள் பறிக்கப்பட்டபோது போய்விட்டது; அதை நீக்கத்தான் வேண்டும். மியான்மர் தலைவர் ஆங் சான் சூகியின் கதை அப்படிப்பட்டதில்லை. 1991இல் அவர் பெற்ற நோபல் பரிசும் வீட்டுச் சிறையும் உண்மை. ரோஹிங்கியா மக்களின் துயரத்தின்போது அவர் நடந்துகொண்ட விதத்துக்காக உலகம் அவரைக் கண்டித்ததும் உண்மை. முதல் பாதியை மட்டும் சொல்லும் நூலுக்குப் பக்கத்தில் இரண்டாம் பாதியைச் சொல்லும் நூலை வைக்க முடிந்தால், மேல்வகுப்பு மாணவர்கள் இரண்டையும் படித்துத் தாமே யோசிப்பார்கள். ஒருவர் நம்மை ஏமாற்றிவிட்டார் என்ற வருத்தத்தில் நூலை எடுக்கக் கூடாது. நூல் பொய் சொல்கிறது என்று தெரிந்தால் எடுக்க வேண்டும்.

நம் பகுதிக்கென்றே உள்ள ஒரு சிக்கலைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். விடுதலை வீரர்கள், மன்னர்கள், சமூகப் பெரியவர்கள் பற்றிய நூல்களில் ஒரு பகுதி, அந்தந்தச் சாதியைச் சேர்ந்தவர்களால் அச்சிடப்பட்டு இலவசமாகப் பள்ளிகளுக்கு வந்து சேர்ந்தவை. அட்டையில் பெயர் பொதுவாகத்தான் இருக்கும். முன்பக்கத்து வாழ்த்துரைகளையும், கடைசிப் பக்கத்தில் நன்கொடையாளர் பட்டியலையும், அவர் பிறந்த குடியைப் பற்றிய முதல் அத்தியாயத்தையும் படித்தால் தெரிந்துவிடும்: அந்த மனிதர் எல்லாருக்கும் உரியவர் என்பதிலிருந்து இறங்கி 'நம்மவர்' ஆகியிருப்பார், பக்கத்து ஊர்க்காரர்கள் துரோகிகள் ஆகியிருப்பார்கள். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு மாணவனும் அவன் தங்கையும் சக மாணவர்களாலேயே வீடு புகுந்து வெட்டப்பட்டதை நாம் யாரும் மறந்திருக்க முடியாது. அதன்பின் அரசு அமைத்த, ஓய்வுபெற்ற நீதிபதி கே.சந்துருவின் ஒருநபர்க் குழு 2024 ஜூனில் அளித்த அறிக்கையில், சாதியைக் காட்டும் வண்ணக் கயிறுகளை மாணவர்கள் கட்டிவரக் கூடாது என்பதும் ஒரு பரிந்துரை. காலை வழிபாட்டில் கயிற்றை அவிழ்க்கச் சொல்லிவிட்டு, மதியம் நூலகத்தில் அதையே அட்டை போட்டுக் கொடுக்க நமக்கு உரிமை இல்லை. இந்த வகை நூல்களை, அவற்றில் சொல்லப்படுபவர் எவ்வளவு பெரியவராக இருந்தாலும், தயங்காமல் நீக்குங்கள். அவரைப் பற்றிய பொதுவான நல்ல நூல் ஒன்றை அதே வாரத்தில் அந்த இடத்தில் வையுங்கள், இல்லையென்றால் ஒரு தரப்பார் வரலாற்றையே எடுத்துவிட்டீர்கள் என்று பேச்சு வரும்.

இதில் ஒரு தவறு எளிதில் நேரும். சாதியைப் பற்றிப் பேசுகிற எல்லா நூலும் சாதி நூல் என்று எண்ணிவிடுவார்கள். அம்பேத்கர், அயோத்திதாசர், இரட்டைமலை சீனிவாசன் ஆகியோரின் வாழ்க்கையைச் சாதியின் கொடுமையைச் சொல்லாமல் எழுதவே முடியாது. ஒருவர் பட்ட அவமானத்தைச் சொல்வது வேறு, ஒருவரை அவமானப்படுத்துவது வேறு. 'பிரச்சினை வேண்டாம்' என்று இவர்களைப் பற்றிய நூல்களைப் பின்வரிசைக்குத் தள்ளிவைத்த பள்ளிகளை நான் பார்த்திருக்கிறேன்; அதைவிடப் பெரிய பிரச்சினை எதுவும் இல்லை என்பது என் எண்ணம்.

நீக்கம் முடிந்ததும், மிஞ்சியிருப்பவற்றை ஆண், பெண் என்று ஒருமுறை எண்ணிப் பாருங்கள். பெண்களின் எண்ணிக்கை உங்களைத் துன்புறுத்தும். முத்துலட்சுமி ரெட்டி, மூவலூர் இராமாமிர்தம் அம்மையார், கோயம்புத்தூர்க் கரும்பு ஆராய்ச்சியில் பெயர்பெற்ற தாவரவியலாளர் ஜானகி அம்மாள் என்று காலியான இடத்தில் யாரைச் சேர்ப்பது என்பதற்கு அந்த எண்ணிக்கையே வழிகாட்டும்.

நான் செய்த ஒரு தவறைச் சொல்கிறேன், நீங்கள் செய்யாமலிருக்க. பணியில் சேர்ந்த இரண்டாம் ஆண்டு, முப்பத்திரண்டு பக்கம்கூட வராத ஒரு சிறுநூலை, ஊசி துருவேறித் தாள் பிரிந்துகொண்டிருந்ததைப் பார்த்து, பழைய பேப்பர்க் கட்டில் போட்டுவிட்டேன். பாளையங்கோட்டையில் காது கேளாத பிள்ளைகளுக்குப் பள்ளி தொடங்கிய பிளாரன்ஸ் சுவைன்சன் அம்மையாரைப் பற்றியது அது. உள்ளூர் ஆசிரியர் ஒருவர் தம் செலவில் அச்சிட்டது. சில ஆண்டுகள் கழித்து, தம்பிக்குக் காது கேளாத ஒரு மாணவி, அந்தப் பள்ளியை யார் தொடங்கினார்கள் என்று கேட்டு வந்தாள். நான் ஊரெல்லாம் தேடியும் இன்னொரு பிரதி கிடைக்கவில்லை. ஏடு தேடி உ.வே.சாமிநாதையர் ஆழ்வார்திருநகரி வரை அலைந்த மண் இது என்று வகுப்பில் சொல்லிக்கொண்டே, என் கையில் இருந்ததை நான் எடைக்குப் போட்டிருக்கிறேன். அந்தப் பெண்ணிடம் 'இல்லை' என்று சொன்னது இன்றும் உறுத்துகிறது. எனவே உள்ளூர் மனிதர்களைப் பற்றியவை, உள்ளூரில் அச்சானவை, எவ்வளவு மெலிந்ததானாலும் நீக்கப் பட்டியலுக்கு வரக் கூடாது. மிகப் பழையவை இருந்தால், தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்நூலகத்தில் அதன் படி இருக்கிறதா என்று தேடுங்கள். இல்லையென்றால் அவர்களுக்கோ, சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்துக்கோ எழுதிக் கேட்கலாம்.

நடைமுறையில் அவசரம் வேண்டாம். சேர்க்கை எண் (நூலகத்தில் சேரும்போது நூலுக்குக் கொடுக்கும் எண்), நூல் பெயர், ஆசிரியர், விலை, நீக்கக் காரணம் ஆகிய ஐந்து பத்திகளில் பட்டியல் எழுதி, தலைமையாசிரியரும் வேறு துறை ஆசிரியர்கள் இருவரும் பார்த்துக் கையொப்பமிட்ட பிறகு தாளாளரின் ஒப்புதலுக்கு அனுப்புங்கள். காரணப் பத்தியில் 'பழையது' என்று எழுதாதீர்கள். 'இதே பொருளில் மேம்பட்ட நூல் உள்ளது, சேர்க்கை எண் இன்னது' என்று எழுதினால் தணிக்கையிலும் கேள்வி வராது, உங்கள் மனசாட்சிக்கும் கணக்கு இருக்கும். ஒப்புதல் வந்தபின் சேர்க்கைப் பதிவேட்டில் சிவப்பு மையால் குறித்து, நூலின் பள்ளி முத்திரை மேல் 'நீக்கப்பட்டது' என்று முத்திரையிடுங்கள். இல்லாவிட்டால் நல்லெண்ணத்தோடு யாராவது அதைத் திரும்பக் கொண்டுவந்து கொடுப்பார்கள். காணாமல்போன நூல்களை இந்தப் பட்டியலோடு சேர்க்காதீர்கள். அது இருப்புச் சரிபார்ப்பில் தனியாக வர வேண்டியது.

கடைசியாக நன்கொடை நூல்கள். கை வைக்கலாம். நன்கொடையாக வந்ததும் சேர்க்கை எண் ஏறியபின் பள்ளியின் நூல்தான். மற்றவற்றுக்கு உள்ள அளவுகோலே அதற்கும். ஆனால் கொடுத்தவர்கள் ஊரில் இருந்தால், நீக்கும் முன் ஒரு வார்த்தை சொல்லி, திரும்ப வேண்டுமா என்று கேட்டுவிடுங்கள். உங்கள் கடிதத்தில், முன்னாள் மாணவர் ஒருவரின் குடும்பம் தங்கள் தாத்தாவைப் பற்றி அச்சிட்டுக் கொடுத்த நினைவு மலர் ஒன்றைக் குறிப்பிட்டு, அதை யார் படிக்கப் போகிறார்கள் என்று கேட்டிருந்தீர்கள். அவர் உங்கள் பள்ளியில் 1940களில் படித்தவர் என்றும், அந்தக் காலத்து விடுதியைப் பற்றி அதில் நான்கு பக்கம் இருக்கிறது என்றும் நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அதை பீரோவில் வைக்க வேண்டாம். பள்ளி மலர்கள், பழைய புகைப்படங்கள் இருக்கும் பெட்டியில் வைத்துவிடுங்கள். வைக்கும் முன் உள்ளட்டையில், யார் கொடுத்தார்கள், எந்த ஆண்டு, விடுதியைப் பற்றிய பக்கங்கள் எவை என்று பென்சிலால் எழுதிவிடுங்கள்.